பகை இரண்டானால்

தி.நகரும் தில்லியும்: அத்தியாயம் 11

1959 ஜூன் மாதம் சென்னையில் சுதந்திரா கட்சி பிறந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். எண்பது வயது மனிதர் ஒருவர் ஆளுங்கட்சியை எதிர்த்துப் புதுக் கட்சி தொடங்குகிறார் என்றதும் நாடே திரும்பிப் பார்த்தது. கூட்டுறவுப் பண்ணை வேண்டாம், லைசென்சும் பெர்மிட்டும் கோட்டாவும் ஆளும் ராஜ்யம் வேண்டாம் என்று அவர் சொன்னவையே எல்லார் காதிலும் விழுந்தன. அதே ராஜாஜி தி.நகர் பசுல்லா சாலை வீட்டில் இருந்தபடி 'ஸ்வராஜ்யா' வார இதழில் வெளியுறவைப் பற்றி எழுதியவை அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின. இந்த அத்தியாயம் அந்த எழுத்தின் பின்னால் இருந்த சிந்தனையையும் அதை ஒட்டி நடந்த இரண்டு பயணங்களையும் பற்றியது. ஒன்று, 1962இல் சென்னையிலிருந்து வாஷிங்டனுக்கு. மற்றது, 1964இல் தில்லியிலிருந்து சென்னைக்கு.

அன்றைய இந்தியாவின் நிலையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1961 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 43 கோடியே 90 லட்சம். தலை எண்ணிக்கையில் சீனாவுக்கு அடுத்த நாடு. பலத்தில் நடுத்தர நாடு, அதிலும் கீழ்ப்பக்கம். 1960 மே மாதம் அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் அங்கிருந்து வரவேண்டியிருந்தது. ஐந்தாண்டுத் திட்டத்துக்கான அந்நியச் செலாவணிக்கு மேற்கு நாடுகளின் கடன். புது ரக மிக் போர் விமானத்துக்கு மாஸ்கோ. பாகிஸ்தானோ 1954இலேயே அமெரிக்காவுடன் ராணுவ உடன்படிக்கை செய்துகொண்டு, 1961இல் ஸ்டார்ஃபைட்டர் விமானங்களையும் வாங்கிவிட்டது. வடக்கே அக்சாய் சின் வழியாகச் சீனா சாலையே போட்டு முடித்திருந்தது.

இப்படிப்பட்ட நாடு உலகத்தோடு எப்படிப் பழகுவது? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க அதனால் முடியாது. எதை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்வது, எதைக் கொஞ்சம் கொடுத்து முடித்துவிடுவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று வரிசை போட்டாக வேண்டும். வெளியுறவுக் கொள்கை என்ற பெரிய பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது இந்த வரிசைதான்.

நேருவின் வரிசையில் முதலிடம் அணிசேராமைக்கு. அதைக் கேலி செய்வது இன்று எளிது, நான் செய்யமாட்டேன். கொரியப் போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்பும் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைமை தாங்கியது, இந்தோ-சீனக் கண்காணிப்புக் குழுக்களுக்கு இந்தியா தலைமை வகித்தது, காங்கோவுக்கு இந்தியப் படை போனது எல்லாம் உண்மையான பணிகள். சுதந்திரம் வாங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகூட ஆகாத ஏழை நாட்டின் பேச்சை உலகம் காது கொடுத்துக் கேட்டது. ஆனால் தொலைவில் இருந்த சண்டைகளைத் தீர்க்கப் போன அளவுக்கு வாசற்படியில் இருந்த சண்டைகளில் தில்லி ஊக்கம் காட்டவில்லை. 1960இல் கையெழுத்தான சிந்து நதிநீர் ஒப்பந்தம் ஒரு விதிவிலக்கு. 1959இல் பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் கூட்டுப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தபோது, யாருக்கு எதிராகக் கூட்டுப் பாதுகாப்பு என்று கேட்டு நேரு அதைத் தள்ளிவிட்டார். மூன்றே ஆண்டில் அந்தக் கேள்விக்குப் பதில் வடக்கிலிருந்து வந்தது.

ராஜாஜியின் வரிசை வேறு. பாகிஸ்தானோடு ஓர் ஏற்பாட்டுக்கு வருவது அவருக்கு முதல் வேலை. இரண்டு பெரிய எல்லைகளில் இரண்டு பகையை வைத்துக்கொண்டு ஏழை நாடு வாழ முடியாது; ஒன்றைத் தணித்தால்தான் மற்றொன்றை எதிர்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. திருக்குறளில் பகைத்திறம் தெரிதல் என்றே ஓர் அதிகாரம் உண்டு. தனக்குத் துணையில்லாமல் பகை மட்டும் இரண்டாக இருப்பவன் அந்த இரண்டில் ஒன்றை இனிய துணையாக்கிக்கொள்ள வேண்டும் என்று வள்ளுவர் அதில் சொல்கிறார். குறளை ஆங்கிலத்தில் எழுதியவர் ராஜாஜி. அவருக்கு அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எண்ணம் அவருக்குத் திடீரென்று முளைத்ததும் அல்ல. 1942 ஏப்ரலில் சென்னை காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியைக் கொண்டு, பாகிஸ்தான் கோரிக்கையைக் கொள்கை அளவில் ஏற்கலாம் என்று தீர்மானம் போடவைத்தவர் அவர். அதற்காகக் காங்கிரசை விட்டே வெளியேற நேர்ந்தது. கூட்டங்களில் வசைமாரி. 1944இல் அவர் வகுத்த திட்டத்தை வைத்துத்தான் காந்தி பம்பாயில் ஜின்னாவோடு பேசினார். பேச்சு முறிந்தது. மூன்று ஆண்டு கழித்து, அதைவிட மோசமான முறையில், அளவில்லாத ரத்தம் சிந்தி, பிரிவினை வந்தே தீர்ந்தது. கொடுத்தே ஆகவேண்டியது ஒன்றிருந்தால் கேட்பவன் பலம் பெருகுமுன் கொடுத்துவிடுவது மேல் என்ற முடிவுக்கு அவர் அப்போதே வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு எழுதியதெல்லாம் அந்த அனுபவத்தின் மேல் எழுந்தது.

வரிசையில் அடுத்தது சீனா. திபெத்துக்குள் சீனப் படை நுழைந்த 1950இல் அவர் மத்திய அமைச்சரவையில் இலாகா இல்லாத அமைச்சர். படேல் நவம்பர் 7 அன்று நேருவுக்கு எழுதிய எச்சரிக்கைக் கடிதம் அந்த மாதங்களில் எழுதப்பட்டதுதான். வடக்கிலிருந்து ஆபத்து வந்தால் மேற்கு நாடுகளின் உதவியைக் கேட்க வெட்கப்படக் கூடாது என்பது பிற்பாடு சுதந்திரா கட்சியின் நிலைப்பாடாயிற்று. 1962 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சிக்கு மக்களவையில் 18 இடங்கள் கிடைத்தன. சிறிய கூட்டம்தான். ஆனால் அணிசேராமையை வலதுபக்கத்திலிருந்து கேள்வி கேட்கும் ஒழுங்கான குரல் நாடாளுமன்றத்தில் ஒலித்தது.

மூன்றாவதாக அவர் வைத்த ஒன்று, கட்சி நண்பர்கள் பலருக்கே விளங்காத ஒன்று: அணு ஆயுதச் சோதனையை நிறுத்துவது. மேற்கு நாடுகளோடு நெருங்கச் சொன்னவர், அந்த மேற்கின் வல்லரசே கையில் வைத்திருந்த குண்டை எதிர்த்தார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. குண்டு வெடிக்கும் இடம் பசிபிக் தீவாக இருக்கலாம், சைபீரியாவாக இருக்கலாம். அதன் நச்சுத் தூசு எல்லார் வயலிலும் விழுகிறது, எல்லார் பாலிலும் கலக்கிறது. சண்டையில் சேராத நாட்டுக்கும் இதைப் பற்றிப் பேச உரிமை உண்டு. இப்படிப் பேசுவதற்குப் படைபலமும் பொன்னும் தேவையில்லை, வார்த்தைக்கு மதிப்பு இருந்தால் போதும். நடுத்தர நாடு தன் அளவுக்கு மீறிச் சாதிக்கக்கூடிய இடம் அது.

வார்த்தையின் மதிப்பைப் பற்றி அவர் எவ்வளவு கவலைப்பட்டார் என்பதற்குக் கோவா சாட்சி. 1961 டிசம்பர் 18, 19 தேதிகளில் இந்தியப் படை கோவாவை மீட்டபோது நாடு முழுவதும் கொண்டாட்டம். ராஜாஜி கண்டித்தார். பலாத்காரத்தைப் பற்றி உலகத்துக்கு உபதேசம் செய்யும் தகுதியை இந்தியா இழந்துவிட்டது என்பது அவர் எழுதியதன் சாரம். இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. சுதந்திரத்துக்குப் பின் பதினான்கு ஆண்டு போர்ச்சுகல்லோடு பேசிப் பார்த்தாயிற்று; சலாசார் அசையவில்லை. 1955இல் சத்தியாக்கிரகிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு மேலும் காத்திருந்தால் கோவா மக்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஆனாலும் அவர் கவனித்த ஒரு விஷயம் உண்மையாயிற்று. அடுத்த ஆண்டு இந்தியா நெருக்கடியில் உதவி கேட்ட தலைநகரங்களில் கோவாவின் கசப்பு இன்னும் இருந்தது.

1962 ஜூன் மாதம் தில்லியில் காந்தி சமாதான நிறுவனம் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு ஒன்றைக் கூட்டியது. குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து முந்தைய மாதம்தான் ஓய்வு பெற்றிருந்த ராஜேந்திர பிரசாத் அங்கே பேசினார். சோதனை நடத்தும் வல்லரசுகளிடம் நேரில் போய்ச் சொல்லக் குழுக்களை அனுப்புவது என்று முடிவாயிற்று. அமெரிக்கா போகும் குழுவுக்கு ராஜாஜி. உடன் இருவர். ஒருவர், நிறுவனத்தின் தலைவரும் பீகாரின் முன்னாள் கவர்னருமான ஆர். ஆர். திவாகர். மற்றவர் பி. சிவராவ்.

சிவராவைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் நம் அடையாற்றின் வார்ப்பு. அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் பணியாற்றியவர்; சென்னைத் தொழிற்சங்க இயக்கத்தின் ஆரம்ப நாட்களில் இருந்தவர்; அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். அண்ணன் பெனகல் நரசிங்க ராவ் அரசியல் சட்ட ஆலோசகராக இருந்துவிட்டு, கொரியப் போர் மூண்ட 1950இல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தார். தி.நகரும் அடையாறும் சேர்ந்து போன தூது என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

ராஜாஜிக்கு அப்போது 83 வயது முடிந்து 84 நெருங்கிக்கொண்டிருந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்தவர் மேற்கு நாட்டு மண்ணில் கால் வைத்தது அதுவே முதல் முறை. அதுவும் அரசின் தூதராக அல்ல. தில்லியில் ஆண்ட கட்சியை ஊர் ஊராகத் திட்டிக்கொண்டிருந்தவர், நாட்டுக்கு வெளியே போனபோது அந்தச் சண்டையை எடுத்துச் செல்லவில்லை. அணுச் சோதனை விஷயத்தில் நேருவும் அவரும் ஒரே பக்கம். 1954 மார்ச்சில் அமெரிக்க ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள் மேல் விழுந்ததும், அடுத்த மாதமே மக்களவையில் சோதனைகளை நிறுத்திவைக்கச் சொன்ன முதல் அரசுத் தலைவர் நேரு. அதே ஆண்டின் இறுதியில், முதலமைச்சர் பதவியை விட்டிறங்கிய ராஜாஜி 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அமெரிக்காவே முதலில் ஆயுதத்தை விட்டெறிய வேண்டும் என்று கேட்டார். உள்ளூரில் சேராதவர்கள் இதில் சேர்ந்தார்கள். கட்சிச் சண்டைக்கும் நாட்டின் நிலைக்கும் நடுவே அந்தத் தலைமுறை போட்டுக்கொண்ட கோட்டை நாம் இன்று மறந்துவிட்டோம். அது எனக்கு வருத்தம் தருகிறது.

1962 செப்டம்பர் 28. வெள்ளை மாளிகையில் 45 வயது கென்னடியின் எதிரே வேட்டி கட்டிய பெரியவர் அமர்ந்தார். சூழ்நிலை சாதகமாக இல்லை. மூன்றாண்டு ஓய்வுக்குப் பின் 1961 செப்டம்பரில் சோவியத் யூனியன் சோதனைகளை மீண்டும் தொடங்கி, அக்டோபர் 30 அன்று 50 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்திருந்தது. பதிலுக்கு அமெரிக்கா 1962 ஏப்ரல் முதல் பசிபிக்கில் வரிசையாக வெடித்துக்கொண்டிருந்தது. ஜெனீவாவில் பதினெட்டு நாடுகளின் ஆயுதக் குறைப்புக் குழு மார்ச் முதல் உட்கார்ந்து பேசியும் ஓர் அடி நகரவில்லை. சோதனை நடந்ததா என்று பார்க்க ஆய்வாளர்களை உள்ளே விடவேண்டும் என்றது அமெரிக்கா. அது வேவு பார்க்கும் தந்திரம் என்றது சோவியத்.

அந்தக் குழுவில் எந்தப் பக்கமும் சேராத எட்டு நாடுகள் இருந்தன: இந்தியா, பர்மா, ஐக்கிய அரபுக் குடியரசு என்ற பெயரில் இருந்த எகிப்து, எத்தியோப்பியா, நைஜீரியா, சுவீடன், பிரேசில், மெக்சிகோ. ஏப்ரல் 16 அன்று இவை சேர்ந்து நடுவழி ஒன்றைக் கொடுத்தன. ஏற்கனவே பல நாடுகளில் உள்ள கண்காணிப்பு நிலையங்களின் தகவல்களை விஞ்ஞானிகளின் சர்வதேசக் குழு ஒன்று பரிசீலிக்கட்டும். சந்தேகம் எழுந்தால் சம்பந்தப்பட்ட நாடு அந்தக் குழுவை அழைக்கட்டும். இரு தரப்பும் தமக்குப் பிடித்தபடி இதற்குப் பொருள் சொல்லிக்கொண்டன. ஆனாலும் மேசையில் மூன்றாவது காகிதம் ஒன்று இருந்தது. அதை வைத்தவை நடுத்தர நாடுகள்.

ராஜாஜி ஆய்வாளர், நிலையம் என்ற நுணுக்கங்களுக்குள் அதிகம் போகவில்லை. சேலத்தில் வக்கீலாக இருந்தவர். வழக்கின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முதலில் நிறுத்துகிறவனுக்கு நஷ்டமில்லை, அவன்தான் வலுப்பெறுவான் என்பதே அவர் வாதம். ஒதுக்கியிருந்த நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. அந்தச் சந்திப்பு தம்மை ஆழமாகத் தொட்டதாகக் கென்னடி பிறகு சொன்னதை சிவராவ் எழுதிவைத்திருக்கிறார்.

அதனால் என்ன நடந்தது என்று கேட்டால், உடனே ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வாரத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து உலகம் அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. அந்த அச்சம்தான் இரண்டு தலைவர்களையும் மாற்றியது. 1963 ஜூன் 10 அன்று கென்னடி ஆற்றிய உரையில், மற்றவர்கள் நடத்தாதவரை அமெரிக்கா வளிமண்டலத்தில் சோதனை நடத்தாது என்று தாமாகவே அறிவித்தார். ராஜாஜி நேரில் போய்க் கேட்டதற்கு மிக அருகில் வரும் அறிவிப்பு அது. இவரால்தான் அது வந்தது என்று நான் சொல்லமாட்டேன்; அப்படிச் சொல்வது வரலாறு ஆகாது. ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் மூன்று வல்லரசுகள் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மூன்றே நாளில் இந்தியாவும் கையெழுத்திட்டது. நிலத்துக்கு அடியில் மட்டும் வழி திறந்தே இருந்தது.

ஆனால் அதற்குள் இந்தியாவின் வீடே தலைகீழாகிவிட்டது. 1962 அக்டோபர் 20 அன்று லடாக்கிலும் நேபாவிலும் (இன்றைய அருணாசலப் பிரதேசம்) சீனப் படை ஒரே நேரத்தில் தாக்கியது. அந்த முப்பது நாட்களின் கதை எல்லாருக்கும் தெரியும். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி இழந்தார். நவம்பர் 19 அன்று நேரு கென்னடிக்கு எழுதிய இரண்டு கடிதங்களில் அமெரிக்கப் போர் விமானப் படையையே அனுப்பச் சொல்லிக் கேட்டார். இரண்டு நாளில் சீனா தானாகவே போரை நிறுத்திக்கொண்டது. அணிசேராமையின் சிற்பி அப்படி ஒரு கடிதம் எழுத நேர்ந்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

சென்னையிலும் வரிசைகள் மாறின. விலைவாசிப் போராட்டத்துக்காக வேலூர்ச் சிறையில் இருந்த அண்ணா வெளியே வந்ததும் போர் முயற்சிக்கு முழு ஆதரவு என்றார், தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையை 1963இல் கைவிட்டது. பிரிவினைத் தடைச் சட்டத்தின் நெருக்கடியும் அதில் உண்டு. ஆனால் எல்லையில் பகை நிற்கும்போது எதை முன்னால் வைப்பது என்ற தெளிவும் அண்ணாவிடம் இருந்தது. தில்லியில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்புக்கென்றே உருவாக்கப்பட்ட புதிய பொறுப்பை ஏற்றார். பழைய மௌப்ரேஸ் சாலை இன்று இவர் பெயரால்தான் டி.டி.கே. சாலை. 1963 மே மாதம் ஆயுத உதவி கேட்டு வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் போனவர் அவர். பாதுகாப்புச் செலவு இரண்டே ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. பள்ளிக்கூடத்துக்கும் பாசனத்துக்கும் போக வேண்டிய பணம் அது.

ராஜாஜி இப்போது உரக்கவே சொன்னார்: அணிசேராமையை மூட்டை கட்டுங்கள், மேற்கு நாடுகளோடு வெளிப்படையாகச் சேருங்கள். இந்த இடத்தில் அவர் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. உதவி செய்ய வருகிறவன் தன் வரிசையையும் கூடவே கொண்டுவருவான். 1962 டிசம்பரில் நாசோவில் கூடிய அமெரிக்காவும் பிரிட்டனும் இந்தியாவுக்கு 12 கோடி டாலர் அவசர ராணுவ உதவி என்று முடிவு செய்தன. அதற்கு முன்பே, நவம்பரிலேயே, அமெரிக்காவின் ஹாரிமனும் பிரிட்டனின் டங்கன் சாண்டிசும் வந்து, காஷ்மீரைப் பற்றிப் பாகிஸ்தானோடு பேசுங்கள் என்று நெருக்கினார்கள். இந்தியாவின் ஸ்வரண் சிங்கும் பாகிஸ்தானின் புட்டோவும் 1963 மே வரை ஆறு சுற்றுப் பேசினார்கள். போர்நிறுத்தக் கோட்டைத் திருத்தி எல்லையாக்கலாம் என்றது இந்தியா. பள்ளத்தாக்கு இல்லாமல் எதுவும் இல்லை என்றது பாகிஸ்தான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச் 2 அன்று, பாகிஸ்தான் சீனாவோடு எல்லை உடன்படிக்கை செய்து, காஷ்மீரின் ஷாக்ஸ்காம் பகுதியை அதனிடம் விட்டது. ராஜாஜி பயந்தது நடந்துவிட்டது. இரண்டு பகையும் கைகோத்துக்கொண்டன.

தோற்று நிற்கும்போது, மூன்றாமவன் நெருக்குதலில் செய்யும் சமாதானம் பலிக்காது. பலமாக இருந்தபோது, தானாக முன்வந்து செய்திருக்க வேண்டிய வேலை அது. நேருவுக்கே இது புரிந்திருந்தது என்பதற்கு 1964 ஆதாரம்.

அந்த ஆண்டு ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நேருவுக்குப் பக்கவாதம் தாக்கியது. ஹஸ்ரத்பல் திருச்சின்னம் காணாமல் போய்க் காஷ்மீர் கொந்தளித்து அடங்கிய நேரமும் அதுதான். இடையில் சில மாதங்கள் நீங்கலாக 1953 முதல் சிறையில் இருந்த காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவை ஏப்ரல் 8 அன்று விடுதலை செய்தார்கள். சிறையில் வைத்த பிரதமரின் வீட்டிலேயே விருந்தாளியாக அவர் வந்து தங்கினார். காங்கிரஸ் எம்.பி.க்கள் பலர் முணுமுணுத்தார்கள். ஜனசங்கம் ஊர்வலம் நடத்தியது. நேருவுக்குத் தம் கட்சிக்குள்ளேயே துணை குறைவு. இந்த விஷயத்தில் அவருக்குக் கைகொடுக்கத் தயாராக இருந்தவர்கள் ஜெயப்பிரகாஷ் நாராயணும், ஐந்தாண்டாக அவரை எதிர்த்துவந்த ராஜாஜியும்தான்.

மே முதல் வாரத்தில் ஷேக் அப்துல்லா வார்தா வழியாக, வினோபாவைப் பார்த்துவிட்டு, சென்னைக்கு வந்தார். ராஜாஜியோடு மூன்று மணி நேரத்துக்கும் மேல் பேசினார். ராஜாஜி பத்திரிகைக்காரர்களிடம் எதையும் சொல்லவில்லை. ஷேக் மட்டும், இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வெற்றி என்ற எண்ணம் தராத, காஷ்மீர் மக்களுக்குக் கௌரவம் தரும் தீர்வு ஒன்று கண்ணில் படுகிறது என்ற பொருளில் பேசினார். தில்லியில் இலாகா இல்லாத அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரியோடு ராஜாஜிக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. அவர் மனத்தில் இருந்த ஏற்பாடு ஏறத்தாழ இப்படி: காஷ்மீர் தன்னைத் தானே ஆளும், அதன் பாதுகாப்பும் வெளியுறவும் இரண்டு நாடுகளின் கூட்டுப் பொறுப்பு. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலையில் உள்ள அந்தோரா என்ற சின்ன நாட்டைச் சிலர் உதாரணமாகச் சொன்னார்கள்.

நடைமுறைக்கு வருமா இது? இரண்டு நாட்டுப் படைத்தளபதிகள் எப்படி ஒரே மலையைக் காப்பார்கள்? லடாக்கை ஒட்டிச் சீனா நிற்கும்போது கூட்டுப் பொறுப்புக்கு என்ன அர்த்தம்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்திருக்குமா என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆயினும் அந்த மே மாதத்தில் முதல்முறையாக, நோயுற்ற பிரதமரும் அவருடைய கடுமையான விமர்சகரும் அவர் சிறை வைத்திருந்த தலைவரும் ஒரே விஷயத்தை முதலிடத்தில் வைத்தார்கள்.

சென்னையிலிருந்து தில்லி திரும்பிய ஷேக்கோடு விவரங்களைப் பேச நேரு மூவரை அமர்த்தினார்: வெளியுறவுச் செயலர் குண்டேவியா, அலிகர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பத்ருதீன் தயாப்ஜி, பாகிஸ்தானில் ஹைகமிஷனராக இருந்த ஜி. பார்த்தசாரதி. இந்த மூன்றாமவரின் தந்தை என். கோபாலசாமி ஐயங்கார், காஷ்மீரின் முன்னாள் திவான்; அரசியல் சட்டத்தின் 370ஆம் பிரிவை நிர்ணய சபையில் முன்மொழிந்தவர்; 1948இல் ஐ.நா.வில் காஷ்மீர் வழக்கை எடுத்துச் சொன்னவர். தந்தை சட்டத்தில் எழுதிய சிக்கலுக்கு மகன் முடிவு தேட உட்கார்ந்தார். பத்தொன்பது ஆண்டு கழித்து இதே பார்த்தசாரதி இலங்கைக்குத் தூது போவதை இந்தத் தொடரின் பிற்பகுதியில் பார்க்கப் போகிறோம். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1983 வரை அவருக்கு வேலை இருந்தது.

மே 24 அன்று ஷேக் ராவல்பிண்டி போனார். பெருங்கூட்டம் வரவேற்றது. கூட்டாட்சி போன்ற யோசனைகள் அயூப் கானுக்குப் பிடிக்கவில்லை. பிற்பாடு தம் சுயசரிதையில் அவற்றை ஒரேயடியாக ஒதுக்கித் தள்ளினார். ஆனால் ஜூன் மாதம் தில்லி வந்து நேருவைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். 27ஆம் தேதி ஷேக் முசாஃபராபாதில் இருந்தபோது நேரு இறந்த செய்தி எட்டியது.

அதற்குப் பிறகு நடந்தது வேகமானது. அடுத்த ஆண்டு மே மாதம், ஹஜ் பயணத்தின்போது அல்ஜியர்சில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்துவிட்டு வந்த ஷேக்கை அரசு மறுபடி கைது செய்து தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து கொடைக்கானலில் காவலில் வைத்தது. ஆகஸ்டில் ஊடுருவல், செப்டம்பரில் முழுப்போர். போரின் நடுவே சீனா சிக்கிம் எல்லையில் இந்தியாவுக்குக் கெடு விதித்தது. அமெரிக்கா இரண்டு நாட்டுக்கும் ஆயுதத்தை நிறுத்தியது. கோதுமைக் கப்பல்களையும் அளந்தே விட்டது. ராஜாஜியின் முதல் அச்சம் சரியென்று நிரூபணமான அதே மாதத்தில், மேற்கின் மேல் அவர் வைத்த நம்பிக்கைக்கும் விடை கிடைத்துவிட்டது.

தில்லி இப்படி மேற்கையும் வடக்கையும் பார்த்துக்கொண்டிருந்தபோது தெற்கே ஒரு கணக்கு அவசரமாக முடிக்கப்பட்டது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் இருந்த 9,75,000 தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதப்பட்டது. வந்து இறங்கப் போகும் கரை தமிழ்நாட்டினுடையது. சென்னைக்கு முதலாவதாக இருந்த கவலை தில்லிக்கு எத்தனையாவதாக இருந்தது என்பதையும், அதைக் கேட்டுச் சென்னையில் யார் யார் எழுந்தார்கள் என்பதையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)